பூட்டில்லாத எஞ்சின் கதவு: நியூ ஆர்லியன்ஸ் கொலையும் ரயில்வே தொழிலாளர் கையில் துப்பாக்கி என்ற கேள்வியும்

2010 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று தந்தையர் தினம். லூசியானா மாநிலம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சி.எஸ்.எக்ஸ். கம்பெனியின் சரக்கு ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன் எஞ்சினின் கேபினில் இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். அங்கே கொள்ளை முயற்சி நடந்தது. கண்டக்டர் கேபினுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சினை ஓட்டியவர் குண்டுக் காயத்தோடு பிழைத்தார்.

கண்டக்டர் என்றதும் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சரக்கு ரயிலில் வண்டிக்குப் பொறுப்பாளர் அவர்தான், நம் ஊர் கூட்ஸ் கார்டு மாதிரி. ஆனால் பின்னால் தனிப் பெட்டியில் உட்காருவதில்லை, ஓட்டுநரோடு முன் எஞ்சினிலேயே இருப்பார். பெட்டிகளைக் கோப்பது, கழற்றுவது, பாதை மாற்றும் நெம்புகோலைத் திருப்புவது, வண்டியில் கோளாறு வந்தால் இறங்கி நடந்து பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

இப்படி ஒருவர் கொல்லப்படும்போதெல்லாம் ரயில்வே தொழிலாளர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறேன், லைசென்ஸ் இருக்கிறது, கடைக்குப் போகும்போது இடுப்பில் இருக்கிறது, ஆபத்து அதிகமான வேலைக்குப் போகும்போது மட்டும் ஏன் கழற்றி வைக்க வேண்டும்? துப்பாக்கி சாதாரணப் பொருளாக இருக்கும் நாட்டில் இது வீம்புக் கேள்வி இல்லை. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கம்பெனி விதி என்ன சொல்கிறது

அமெரிக்காவின் மேற்குப் பகுதி ரயில் கம்பெனிகள் பலவும் பொதுவாகப் பின்பற்றும் இயக்க விதிப்புத்தகம் ஒன்று உண்டு, ஜி.சி.ஓ.ஆர். என்பார்கள். அதன் 1.12-ஆவது விதி ஆயுதங்களைப் பற்றியது. பணியில் இருக்கும்போதும் ரயில்வே இடத்துக்குள் இருக்கும்போதும் தொழிலாளியிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது. மூன்று அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி கூடக் கூடாது. ரயில் கம்பெனிகளே அங்கே வைத்திருக்கும் ரயில்வே போலீசுக்கு விலக்கு உண்டு. கம்பெனி தனியாக அனுமதி கொடுத்தவர்களுக்கும் உண்டு. மற்றவர் மீறினால் வேலை போகும்.

காரை நிறுத்தும் இடத்தில் மட்டும் இந்த விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஓக்லஹோமாவில் ஒரு காகித ஆலையில், காரில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 2002-இல் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அதற்குப் பிறகு 2004-இல் அந்த மாநிலம், பூட்டிய காருக்குள் துப்பாக்கி இருப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் அந்த உரிமை கார் கதவோடு முடிந்துவிடும், எஞ்சின் படி ஏறாது.

தொழிலாளியின் பக்கம்

துப்பாக்கி வேண்டும் என்பவர்களின் பக்கத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதில் நியாயம் நிறைய இருக்கிறது.

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டர் நீள வண்டி திடீரென்று எமர்ஜென்சி பிரேக் விழுந்து நிற்கிறது. நடுவில் எங்கோ பிரேக்குக்கான காற்றுக் குழாய் கழன்றிருக்கலாம், இரண்டு பெட்டிகளைப் பிணைக்கும் இரும்புக் கொக்கி உடைந்திருக்கலாம், யாராவது வேண்டுமென்றே குழாயை அறுத்திருக்கலாம். என்னவென்று தெரிய ஒரே வழிதான் உண்டு. கண்டக்டர் இறங்கி ஜல்லி மேல் நடக்க வேண்டும். ஒரு கையில் விளக்கு, சட்டையில் ரேடியோ. இந்தப் பக்கம் பெட்டிகளின் சுவர், அந்தப் பக்கம் புதரோ பாழடைந்த குடோனோ. ஜல்லி மேல் அவர் வைக்கும் ஒவ்வொரு அடியும் சத்தம் போடுகிறது. விளக்கு அவர் இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கிறது. ஓட்டுநர் எஞ்சினை விட்டு வர முடியாது. உள்ளூர் போலீசுக்குச் சொன்னாலும் எந்தத் தெரு, எந்த எண் என்று சொல்ல அங்கே முகவரி கிடையாது, மைல் கல் எண்தான் இருக்கிறது.

இது வெறும் பயமும் இல்லை. 2021 டிசம்பரில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பகுதியில் சரக்கு ரயில் திருட்டு ஒரே ஆண்டில் 160 சதவீதம் கூடிவிட்டது என்றும், நாளொன்றுக்குச் சராசரியாக 90 கண்டெய்னர்களுக்கு மேல் உடைக்கப்படுகின்றன என்றும், தன் பணியாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்றும் சொன்னது. கிழிந்த அட்டைப் பெட்டிகள் தண்டவாளம் முழுக்கச் சிதறிக் கிடந்த படங்கள் அடுத்த மாதம் உலகம் முழுக்கப் பரவின. அந்தக் குப்பைக்கு நடுவே நடந்து குழாயை மாட்டியவரும் ஒரு தொழிலாளிதான். அவரைப் பற்றி அந்தச் செய்திகளில் அதிகம் பேசவே இல்லை.

துப்பாக்கி இருந்திருந்தால்?

சரி, நியூ ஆர்லியன்ஸ் கேபினுக்குத் திரும்புவோம். அந்த இருவரிடமும் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். எஞ்சின் கேபின் ஒரு சின்ன இரும்பு அறை. வலது பக்கம் ஓட்டுநர், இடது பக்கம் கண்டக்டர், இருவர் முகமும் முன் கண்ணாடியை நோக்கி. பின் கதவு முதுகுக்குப் பின்னால். உள்ளே வருபவன் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறான். உட்கார்ந்திருப்பவர் திரும்ப வேண்டும், பார்க்க வேண்டும், தன் துப்பாக்கியை எடுக்க வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படியே எடுத்துச் சுட்டாலும், நான்கு பக்கமும் இரும்பு, ஒரு கை தூரத்தில் உடன் வேலை பார்ப்பவர்.

வெளியே நடக்கும்போது? உடைந்த கொக்கிக்குப் பதில் புதியது மாட்ட வேண்டும் என்றால், 35 கிலோவுக்கு மேல் கனமான அந்த இரும்பைத் தூக்கிச் சுமக்க வேண்டும். பெட்டி ஏணியில் தொங்க வேண்டும், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிய வேண்டும். இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு இரவு முழுக்க இதைச் செய்வதும், காரில் உட்கார்ந்து கடைக்குப் போவதும் ஒன்றல்ல. ஒரே ஷிப்டு 12 மணி நேரம் வரை போகலாம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத வேலை, பாதித் தூக்கத்தில் எழுந்து வருபவர்கள் அதிகம். ஷிப்டு முடிவது பல நேரம் வெளியூர் லாட்ஜில். அங்கே துப்பாக்கியை எங்கே வைப்பது?

அப்புறம் சட்டம். செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தை ஒரு சரக்கு ரயில் கடக்கச் சில நிமிடம் போதும். ஆற்றின் மேற்குக் கரை மிசௌரி. அங்கே 2017-இலிருந்து அனுமதிச் சீட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். கிழக்குக் கரை இல்லினாய். அது வேறு எந்த மாநிலத்தின் லைசென்சையும் ஏற்பதில்லை. பாலத்தின் இந்த முனையில் சட்டப்படி நடப்பவர், அந்த முனையில் குற்றவாளி. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியைக் கொண்டுபோக 1986-இன் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறதுதான், ஆனால் குண்டைக் கழற்றி, எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தால் மட்டும். தற்காப்புக்கு அது எதற்கு உதவும்?

விமானிகளுக்குக் கொடுத்தார்களே

இந்த விவாதத்தில் அடிக்கடி வரும் உதாரணம் இது, உண்மையும்கூட. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 2002 நவம்பரில் சட்டம் போட்டு, 2003 ஏப்ரலில் முதல் அணி விமானிகளுக்கு அரசே கைத்துப்பாக்கி கொடுத்தது. ஆனால் எப்படிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரும்பி முன்வந்தவர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். மனநிலைச் சோதனை நடத்தினார்கள். பயிற்சி கொடுத்து, கூட்டாட்சி அதிகாரி என்ற தகுதியும் கொடுத்தார்கள். துப்பாக்கி அரசுடையது, விமானி அறைக்குள் மட்டுமே அதற்கு வேலை. அதோடு, அந்த அறையின் கதவை அதே 2003 ஏப்ரலுக்குள் குண்டு துளைக்காத கதவாக மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் 2008 மார்ச் 22 அன்று, டென்வரிலிருந்து சார்லட் போன யு.எஸ். ஏர்வேஸ் விமானத்தில், தரையிறங்கும் முன் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தும்போது அது வெடித்தது. குண்டு விமானி அறையின் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போனது. யாருக்கும் காயமில்லை, விமானம் பத்திரமாக இறங்கியது. அதிகாரிகள் கொடுத்திருந்த உறையில் பூட்டுப் போட ஒரு துளை இருந்தது. துப்பாக்கி முழுதாக உள்ளே இறங்காமல் இருக்கும்போது பூட்டைச் செருகினால், பூட்டின் கம்பி விசையை அழுத்திவிடக் கூடும். தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்று, ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கே இப்படி.

ரயிலிலும் ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஓடும் ரயிலிலேயே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கிய அஞ்சல் குமாஸ்தாக்கள் .38 ரிவால்வர் வைத்திருந்தார்கள். 1921-இல் அஞ்சல் கொள்ளை மிஞ்சிப் போனபோது மெரின் படைவீரர்களையே அஞ்சல் ரயில்களில் ஏற்றினார்கள். ஆனால் அந்தக் குமாஸ்தா பூட்டிய பெட்டிக்குள் அரசின் பணத்தையும் கடிதத்தையும் காத்தவர். துப்பாக்கி அவர் வேலையின் கருவி, அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தது அல்ல.

யார் கையில் துப்பாக்கி என்று பேசும்போது 2021 மே 26-ஐயும் விட்டுவிட முடியாது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இலகு ரயில் பணிமனை ஒன்றில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் அங்கேயே வேலை பார்த்தவர். ரயில்வே தொழிலாளியைக் கொல்ல வரும் துப்பாக்கி எப்போதும் வேலிக்கு வெளியிலிருந்து வருவதில்லை. எல்லோரும் எடுத்து வரலாம் என்றால், கோபத்தோடும் கலக்கத்தோடும் வருபவரும் வாசலில் கேள்வியில்லாமல் உள்ளே வருவார்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்கள் ஆளுக்கொரு துப்பாக்கி எடுத்து வருவது தவறான வழி. அது அவர்களைக் காப்பாற்றும் வாய்ப்பு குறைவு, காப்பாற்ற வேண்டிய கம்பெனி கைகழுவும் வாய்ப்பு அதிகம். ஆனால் துப்பாக்கி கூடாது என்று விதி போடும் கம்பெனி அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. தற்காப்பைப் பறித்தவர் பாதுகாப்பைக் கொடுத்தாக வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் அதைக் கொடுக்கவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

மெம்பிஸில் ஒரு கதவு

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-லேயே இதைத் தொட்டிருக்கிறது.

மெம்பிஸ் நகர ரயில் யார்டின் ஒதுக்குப்புறத்தில் ஒற்றை அறை மரக் கட்டடம். இரவு 11:30 முதல் காலை 7:30 வரை அங்கே தனியாக வேலை பார்த்தவர் 22 வயதுத் தந்தி ஊழியர், பெண். ரயிலோட்டிகளுக்குச் செய்தி வாங்கிக் கொடுப்பது வேலை. அவர்கள் கதவைத் தட்டுவார்கள், இவர் திறக்க வேண்டும். கதவில் கண்ணாடி கிடையாது. தட்டுவது யார் என்று தெரிய வேண்டுமானால் பூட்டைத் திறந்து கதவைத் திறந்தே பார்க்க வேண்டும். வெளியே போதிய வெளிச்சம் இல்லை, காவல் ரோந்தும் இல்லை. ஆபத்தானவர்கள் நடமாடும் இடம் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு நாள் இரவு 1:30 மணிக்குத் தட்டல் கேட்டது. நம் ஆட்கள்தான் என்று திறந்தார். மூடுவதற்குள் ஒருவன் புகுந்து இரும்புத் துண்டால் அடித்தான். நிரந்தர ஊனம்.

இது வழக்கில் அவர் சொன்னது. அடித்தவன் வெளியாள், குற்றம் அவனுடையது, கம்பெனி என்ன செய்யும் என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆபத்து வரும் என்று தெரிந்தும் தடுக்க ஒன்றும் செய்யாமல் இருந்தால், குற்றம் செய்தவன் வெளியாளாக இருந்தாலும் கம்பெனி பொறுப்பேற்க வேண்டி வரும் என்றது. ரயில்வே தொழிலாளர்களுக்காக 1908-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பாவூர்சத்திரம். 2023 பிப்ரவரியில் தென்காசி மாவட்டத்தில், இரவுப் பணியில் ரயில்வே கேட்டில் தனியாக இருந்த பெண் கேட்கீப்பர் தாக்கப்பட்டார். எழுபத்தைந்து ஆண்டு இடைவெளி, இரண்டு கண்டம், ஆனால் அதே தனி அறை, அதே இரவு. அவர் கையில் துப்பாக்கி இருந்திருக்க வேண்டும் என்று நம் ஊரில் யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் ஒருவரைத் தனியாக விட்டது ஏன் என்றுதான் கேட்கத் தோன்றும்.

பூட்டும் ஏ.சி.யும்

அமெரிக்க எஞ்சின் கண்ணாடிக்கு ஒரு விதி இருக்கிறது. 1980-களிலிருந்து அங்கே தயாராகும் எஞ்சினின் முன் கண்ணாடி, நொடிக்கு 960 அடி வேகத்தில் வரும் .22 குண்டைத் தாங்க வேண்டும். சுமார் 11 கிலோ எடையுள்ள சிமெண்ட் பிளாக் நொடிக்கு 44 அடி வேகத்தில் மோதினாலும் உள்ளே வரக் கூடாது. பாலத்தின் மேலிருந்து கல்லைத் தொங்கவிடுபவர்கள், தூரத்திலிருந்து சுடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்துப் போட்ட விதி. நல்ல விதி. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல், குண்டு தாங்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருந்த கதவுக்கு உள்ளிருந்து தாழ் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நியூ ஆர்லியன்ஸ் கொலைக்குப் பிறகு, ரயில் பாதுகாப்பு விதிகளைப் போடும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் ரயில்ரோடு அட்மினிஸ்ட்ரேஷன் எஞ்சின் பாதுகாப்பு விதிகளைத் திருத்த 2011 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. எஞ்சின் ஓட்டுநர்களின் சங்கமான பி.எல்.இ.டி. இந்தக் கொலையைச் சுட்டிக்காட்டிக் கருத்துத் தெரிவித்தது. 2012 ஏப்ரல் 9 அன்று இறுதி விதி வந்தது. 2012 ஜூன் 8 முதல் ஆர்டர் கொடுக்கப்படும் எஞ்சின்களில், கேபினின் ஒவ்வொரு வெளிக் கதவையும் உள்ளிருந்து அடைத்துப் பூட்டும் வசதி இருக்க வேண்டும்.

அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: அந்தப் புதிய எஞ்சின்களின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும். சொகுசு என்று தோன்றும். எனக்கு அதுவும் பாதுகாப்பாகத்தான் படுகிறது. ஜூன் மாத நியூ ஆர்லியன்ஸின் புழுக்கம் சென்னைக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. வெயிலில் நிற்கும் இரும்பு அறையில், ஏ.சி. இல்லாமல் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு யாரால் உட்கார முடியும்? காற்றுக்காகத் திறந்து வைத்தால் பூட்டு இருந்தும் பயனில்லை. துப்பாக்கி பற்றிப் பேசும் யாரும் ஏ.சி. பற்றிப் பேசுவதில்லை, ஆனால் கதவு மூடியிருப்பதும் திறந்திருப்பதும் பல இரவுகளில் அதைப் பொறுத்தே இருக்கும்.

குறையும் இருக்கிறது. விதி புதிய எஞ்சினுக்குத்தான். பழையதைப் புதுப்பித்தால், பழைய பாகங்களின் மதிப்பு 25 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே அது இந்த விதிக்குள் வரும். அதற்கு மேல் பழைய பாகத்தோடு புதுப்பித்தால் விதி தொடாது. எஞ்சின் முப்பது நாற்பது ஆண்டு உழைக்கும் பொருள். அதனால் 2012-க்கு முந்தைய கதவுகள் நீண்ட நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பழைய கதவுகளுக்கும் தாழ் போடுவது பெரிய செலவில்லை. அதைக் கட்டாயமாக்காமல் விட்டது தவறு.

ஜல்லி மேல் நடப்பவருக்கு

பூட்டு கேபினுக்குள் இருப்பவரைக் காக்கும். கீழே இறங்கியவருக்கு? 2024 ஏப்ரலில் வந்த விதி, பெரும்பாலான ரயில்களில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் இறங்கி நடந்தாலும் ரேடியோவின் மறுமுனையில் அவர் குரலுக்குக் காத்திருக்கும் ஒருவராவது மிச்சம். ஆனாலும் இரண்டு கிலோமீட்டர் பின்னால் தனியாக நிற்பவருக்கு அது பெரிய காவல் இல்லை.

அவருக்கு இன்னொன்று இருக்கிறது. 2007-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி ரயில் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாத ஆபத்தான சூழலில் வேலையை மறுத்த தொழிலாளியைக் கம்பெனி தண்டிக்கக் கூடாது. நிபந்தனைகள் உண்டு: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பக் காரணம் இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, முடிந்தால் கம்பெனிக்கு முன்பே சொல்ல வேண்டும். மீறித் தண்டித்தால் 180 நாளுக்குள் தொழில் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான். குழாய் அறுக்கப்பட்டிருக்கிறது, பெட்டிகளைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், கண்டக்டர் கதவைப் பூட்டிக்கொண்டு ரேடியோவில் சொல்லலாம்: போலீஸ் வரும் வரை இறங்க மாட்டேன். வண்டி நிற்கும். பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். அப்போது ரயில்வே போலீசை அனுப்புவது கம்பெனியின் அவசரமாகிவிடும். இந்தச் சட்டத்தை விதிப்புத்தகத்தின் 1.12-ஆவது விதிக்குப் பக்கத்திலேயே அச்சடித்து, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.